பத்து சீட்டுக்கு ஒரு நூறு

“போயிட்டு வாரேன்” என்று அவர் சொல்லி நான் ஐந்தாறு தடவைக்கு மேல் கேட்டதில்லை. எங்கள் ஊரில் யாரும் வெறுமனே “போறேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கமாட்டார்கள். தவறிச் சொல்லிவிட்டால் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போ என்பார்கள். அவர் மட்டும் “போறேண்ணே” என்பார். மறுநாள் வருவது நிச்சயம் என்றால்தான் அந்த ‘வாரேன்’ சேரும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் மேடம், வாய்க்கு ஒரு வார்த்தை வாரேன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்?”

“வருவேனான்னு எனக்கே தெரியலையேண்ணே. தெரியாம எப்படிச் சொல்றது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்ட நிம்மதியோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவருடைய தம்பியின் வலது பாதம் போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சண்டை போட்டு, மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியை அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் என் கடை. டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். அவர் சமயநல்லூர் தாண்டி ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். பெயரில்தான் கௌரவம், சம்பளம் வருகிறபோது வரும், விடுமுறை மாதங்களில் வராது. வீடு வண்டியூர் தெப்பக்குளம் பக்கம். காலையிலும் சாயங்காலமும் ஆரப்பாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாறவேண்டும். அந்த இடைவெளியில்தான் என் கடைக்கு வருவார். கையெழுத்துப் பிரதியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அடிக்க அடிக்கத் திரையைப் பார்த்துப் பிழை சொல்வார்.

வீட்டில் அவரும் தம்பியும் மட்டும். சௌராஷ்டிரக் குடும்பம். தம்பியோடு போனில் பேசும்போது எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. எங்களோடு பேசுவதெல்லாம் அசல் மதுரைத் தமிழ்தான். ஆனால் பணம் எண்ணும்போது மட்டும் உதடு வீட்டுப் பாஷைக்குப் போய்விடும். தம்பி அவனியாபுரம் தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது பற்றி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

அடிக்கப்போகும் பக்கங்களுக்கான காசை முன்னதாகவே மேசையில் வைத்துவிடுவார். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட ‘நாளைக்குத் தாரேன்’ கிடையாது. கையில் நான்கு பக்கத்துக்குத்தான் காசு என்றால் நான்காம் பக்கத்தின் கடைசி வரியோடு நிறுத்தச் சொல்வார். வாக்கியம் பாதியில் நிற்கும். “முடிச்சுருவோம் மேடம், ரெண்டு வரிதானே” என்றால், “அது உங்க ரெண்டு வரிண்ணே” என்பார்.

ஒரு மாணவி வேலைக்கு மனுப்போட நற்சான்று கேட்டு வந்திருந்தாள். மற்ற ஆசிரியர்கள் அன்பும் பண்பும் அறிவும் நிறைந்தவர் என்று அச்சடித்த மாதிரி எழுதிக்கொடுப்பார்கள். இவர் சொல்லி நான் அடித்தது இரண்டே வரி. ‘இவர் என் வகுப்புக்குத் தவறாமல் வந்தார். கேட்ட கேள்விகளில் பாதிக்குச் சரியாகப் பதில் சொன்னார்.’ அந்தப் பெண் அழாத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

தம்பிக்குப் பெண் பார்த்த கதையை அவனே என் கடையில் நின்று சொன்னான். “ஆட்டோ சொந்த வண்டியான்னு கேட்டாங்கண்ணே. ஆமான்னு ஒரு தலையாட்டு ஆட்டிட்டா சோலி முடிஞ்சது. எங்கக்கா, இன்னும் பதினோரு தவணை பாக்கி இருக்கு, முடிஞ்சாத்தான் சொந்தம்னு சொல்லிருச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க காப்பிய முடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

“கோவம் வரலையாடா?”

“வந்து என்ன செய்ய? எங்கக்காகிட்ட பொய்யாக்கூட ஒரு ஆறுதல் வாங்க முடியாதுண்ணே. காய்ச்சல்ல கெடந்தப்ப, சரியாயிருமாக்கான்னு கேட்டேன். ‘ரத்தப் பரிசோதனை வரட்டும்’னுச்சு.” சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் பெருமையும் இருந்தது. நல்ல பையன். நிற்கும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டே நிற்பான்.

இனி அவர் முனைவர் பட்டத்துக்குச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி. ‘சிறிய திறந்த பொருளாதாரங்களில் நாணய வாரியங்களின் வரலாறு.’ தலைப்பை அடிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. வாரியம் என்றால் எங்களுக்கெல்லாம் மின்சார வாரியம்தான்.

“ஈ.பி. ஆபீஸ் மாதிரியா மேடம்?”

“ஆபீஸெல்லாம் வேண்டாம்ணே. நாணயமா ஒரு ஆளும் ஒரு பெட்டியும் போதும்” என்று விளக்கினார். “ஒரு சின்ன நாடு இருக்குன்னு வைங்க. வெளிய விக்கிறதுலயும் வெளிய இருந்து வாங்குறதுலயுந்தான் அதுக்குப் பொழப்பு. அது பாட்டுக்கு நோட்டு அடிச்சா எவன் நம்புவான்? அதனால பெரிய நாட்டுப் பணத்தப் பெட்டியில வச்சுக்கிட்டு, அம்புட்டுக்குத்தான் தன்னோட நோட்ட வெளிய விடும். எப்ப எவன் கொண்டாந்து நீட்டுனாலும் பெட்டியத் திறந்து பெரிய பணத்த எடுத்துக் கொடுத்துரணும். ஒத்த நோட்டுக்கூட மிச்சமா அடிக்கக் கூடாது.”

“ராசாவே வந்து கேட்டா?”

“அந்த ராசாகிட்ட இருந்து காப்பாத்தத்தான் பெட்டியே.”

மொரீஷியஸ், சிலோன், மலாயா, ஹாங்காங், எஸ்தோனியா என்று நான் போகாத நாடுகளெல்லாம் என் விரல் வழியாகப் போயின. சிலோனில் வெளிநாட்டு வங்கி ஒன்று கவிழ்ந்து, அதன் நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் திகைத்து நின்ற பிறகுதான் அங்கே பெட்டி வைத்தார்களாம். அந்தப் பெட்டியில் இருந்தது நம் வெள்ளி ரூபாய் என்று அடித்தபோது, ஏதோ நானே கொண்டுபோய் வைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலாயாவின் நோட்டுக்கு லண்டனில் பணம் இருந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாய் அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய பாட்டனார் பினாங்கிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கொண்டுவந்ததில் மிஞ்சியது. யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அடித்த நோட்டு. வாழை மரம் போட்டிருந்தது.

“இதுக்கு எம்புட்டும்மா தேறும்?”

“ஒண்ணும் தேறாது பாய். இதுக்குப் பின்னால பெட்டியே கிடையாது.”

பாய் அந்த நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “எங்க பாட்டனாரு சாகுற வரைக்கும் அந்த டிரங்கு மேலதாம்மா படுத்திருந்தாரு” என்றார்.

கடைசி இயல் அர்ஜென்டினா. அங்கேதான் அவர் சிக்கிக்கொண்டார். ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று பத்து வருஷம் பெட்டியைக் காத்த நாடு, கடைசியில் ஜனங்கள் வங்கியிலிருந்து சொந்தப் பணத்தை எடுக்கவே அளவு வைத்தது. பெண்கள் சட்டியைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். வாரியம் நல்லதா கெட்டதா என்று ஒரு முடிவு எழுது, இல்லையென்றால் பதிவு காலாவதியாகிவிடும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் நெருக்கினார். பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கல்லூரியிலும் இடமில்லை. இவரோ, “முடிவு சொல்ற அளவுக்கு என் கையில எதுவும் இல்லண்ணே” என்று பழைய பக்கங்களையே திருத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த அந்த நவம்பர் வந்தது.

எங்கள் சந்தின் முனையில் ஒரு ஏ.டி.எம். காலை ஆறு மணிக்கே வரிசை பேருந்து நிலையம் வரை நிற்கும். பாதியில் பணம் தீர்ந்துவிடும். கிடைத்தவர் கையில் புது இரண்டாயிரம் ஒற்றைத் தாளாக இருக்கும். அதைக் கொண்டுவந்து ஐந்து ரூபாய் ஜெராக்ஸுக்கு நீட்டுவார். நூறு ரூபாய் நோட்டைப் பார்த்தவன் பதுக்கினான். சில்லறை மறைந்துபோயிற்று. பாய் டீயைக் கடனுக்குக் கொடுத்துக் கொடுத்து, பால்காரருக்குக் கொடுக்க ரொக்கமில்லாமல் நின்றார். எதிர்த்த லாட்ஜ் மேனேஜர் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நான் இரண்டு நாள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்தான் சொன்னார். “நம்ம சந்துக்கு ஒரு பெட்டி வைப்போமாண்ணே?”

பேப்பர் கட்டரின் பிளேடுகள் போட்டு வைத்திருந்த தகரப் பெட்டியைக் காலிசெய்து கொடுத்தேன். நூறு ரூபாய் நோட்டைப் பெட்டியில் போட்டால் பத்து ரூபாய்ச் சீட்டு பத்து கிடைக்கும். சந்துக்குள் டீ, பழம், ஜெராக்ஸ், சலூன் எல்லாவற்றுக்கும் சீட்டு செல்லும். பத்து சீட்டைக் கொண்டுவந்து நீட்டினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு நூறு திரும்பக் கிடைக்கும். மஞ்சள் தாளில் நான் அடித்துக் கொடுத்தேன். வரிசை எண் போட்டு ஒவ்வொன்றிலும் பச்சை மையில் அவர் கையெழுத்திட்டார். பெட்டி என் கடையில், சாவி அவரிடம். தினமும் சாயங்காலம் வெளியே எத்தனை சீட்டு, உள்ளே எத்தனை நோட்டு என்று என் கடை வாசலில் எழுதி ஒட்டுவார். இரண்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

நம்பமாட்டீர்கள், நான்கே நாளில் சந்து பிழைத்துவிட்டது. டீ ஓடியது, பழம் விற்றது. பூ விற்கிறவர்கூட மஞ்சள் சீட்டை வாங்கிக்கொண்டார்.

லாட்ஜ் மேனேஜர் பழைய ஐநூறு நோட்டுக் கட்டோடு வந்தார். “இத வச்சுக்கிட்டு சீட்டக் குடுங்க. டிசம்பர் முடிய பேங்க்ல வாங்குவான்ல?”

“நூறு மட்டுந்தாங்க.”

“அட, ஐநூறுக்கு முன்னூறு போட்டுக் குடுங்க!”

“பெட்டியில நூறு இருந்தாத்தான் சீட்டு.”

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போய், எங்கிருந்தோ நூறாகவே கொண்டுவந்தார். வைத்திருந்திருக்கிறார்.

தள்ளுவண்டியில் பழம் விற்கும் அக்கா வந்தது வேறு மாதிரி. மாட்டுத்தாவணிப் பழச் சந்தையில் சரக்கு எடுக்கக் காசில்லை. “நூறு ரூபாய்க்குச் சீட்டுக் குடும்மா. நாளைக்குப் பழத்த வித்துக் குடுத்துர்றேன். எம்புள்ள மேல சத்தியம்.” பார்க்கவே பாவமாக இருந்தது. பெட்டியில் அன்றைக்கு ஆறாயிரத்துக்கு மேல் இருந்தது. கொடுங்கள் மேடம் என்று நானே சொன்னேன்.

“பெட்டி கடன் குடுக்காதுண்ணே” என்றார். பிறகு தன் பையைத் திறந்து, தான் நூறு போட்டு வாங்கியிருந்த சீட்டுகளில் பத்தை எண்ணி அக்காவின் கையில் வைத்தார். “இது பெட்டி குடுக்கலக்கா. நான் குடுக்கிறேன். என்கிட்ட இருக்கு, அதனால குடுக்கிறேன்.” அந்தச் சீட்டை அப்படியே நீட்டி அக்கா பெட்டியிலிருந்து ஒரு நூறை வாங்கிக்கொண்டு போனது. இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்தவன் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மேனேஜர் என் கடையில் வந்து சாய்ந்துகொண்டார். “அந்தம்மாவுக்குக் காலேஜ்ல ரெண்டு மாசமாச் சம்பளம் வரலையாம்யா. பெட்டி நெறைய நூறு. சாவி அவங்க கையில. மனுசந்தானே?” நான் அவரைத் திட்டி அனுப்பினேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது என் மேசை டிராயரில் இருந்த சீட்டுகளை எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவர் வந்தார். அது அவர் வருகிற நேரமில்லை. தலை கலைந்திருந்தது. சேலையின் ஓரத்தில் திட்டாக ஒரு கறை. டீ கொட்டியிருக்கும் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணே, உங்ககிட்ட எத்தனை சீட்டு இருக்கு?”

“எதுக்கு மேடம்?”

“சொல்லுங்கண்ணே.”

“நூத்தி நாப்பது.”

அவர் உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது. என் மண்டையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் கைவைக்கத்தான் கணக்குக் கேட்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். டிராயரை இழுத்துச் சீட்டுக் கட்டை அப்படியே எடுத்து மேசையில் வைத்தேன்.

“நல்லவேளை வந்தீங்க மேடம். பேப்பர் பண்டல் எடுக்கணும். மொத்தத்தையும் நோட்டாக் குடுத்துருங்க.”

பண்டல் ஒன்றும் எடுக்கவேண்டியிருக்கவில்லை. முந்தின நாள்தான் வாங்கியிருந்தேன். அவர் காலடியிலேயே அடுக்கியிருந்தது.

அவர் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகம் போனால் நான்கு மூச்சு நேரம். பிறகு சாவியை எடுத்தார். நீட்டியவருக்குக் கொடுக்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது; சட்டம் அவர் போட்டதுதான். சீட்டுகளை எண்ணினார். பதினான்கு நூறுகளை எடுத்து இரண்டு தடவை எண்ணி என் முன்னால் வைத்தார்.

வேளைகெட்ட வேளையில் பெட்டி திறந்திருப்பதை எதிரே இருந்து பாய் பார்த்துவிட்டார். பாலைக் கீழே இறக்கிவிட்டு வந்தார். என் கையில் நோட்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்த் தன் சீட்டுகளைக் கொண்டுவந்தார், இருபத்திரண்டு நூறு. அவரைப் பார்த்து மேனேஜர் ஓடிவந்தார், பத்தொன்பது. சலூன்காரரும் பக்கத்துக் கடைக்காரர்களுமாக ஏழு. வண்டியை நடுச்சந்தில் விட்டுவிட்டுப் பழக்கார அக்கா வந்தது, ஆறு. ‘அவசரம்’ என்று மட்டும் ஒவ்வொருவரும் சொன்னோம்.

அவர் பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது, மறுபடி அடித்தது. பெட்டி திறந்திருக்கும்போது அவர் போனைத் தொடமாட்டார். உதடு வீட்டுப் பாஷையில் எண்ணிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு நோட்டுக்கூடக் குறையவில்லை. எல்லோரும் வாங்கி முடித்த பிறகு தன் சீட்டு முப்பதையும் வைத்து, தனக்கான மூன்று நூறை எடுத்துக்கொண்டார். பெட்டியில் ஒரே ஒரு நோட்டு மிச்சமிருந்தது.

“பத்து சீட்டு இன்னும் வரல. யாராவது கொண்டாருவாங்க” என்று சொல்லி, அந்த ஒரு நூறை உள்ளே வைத்தே பூட்டினார்.

அந்த நேரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர் சந்துக்குள் ஓடிவந்தார். “அக்கா, போன எடுங்கக்கா! டாக்டரு கெளம்பிருவாராம்.” அவர் நடக்க ஆரம்பித்தார், கிட்டத்தட்ட ஓடினார். பாய்தான் ஆட்டோக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என்னப்பா?”

“இவங்க தம்பி காலு மேல பஸ்ஸு ஏறிருச்சு பாய். பிரைவேட் ஆஸ்பத்திரியில நரம்ப ஒட்டவைக்க வெளிய இருந்து டாக்டர வரச் சொல்லியிருக்கு. ஏழாயிரம் ரொக்கமாக் கேக்குறாங்க. இவங்ககிட்ட இருபதாயிரம் இருக்கு, எல்லாம் பழைய ஐநூறு. வாங்க மாட்டேங்குறான்.” கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டார்.

எங்களுக்கு விளங்குவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. பாய் நோட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முனை வரை கத்திக்கொண்டு ஓடினார். எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அவருக்கு நான்கு தடவை போன் அடித்தேன்; எடுக்கவில்லை. பாய் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போய்த் தேடினார். நான் போகவில்லை. ஒரு வக்கீல் குமாஸ்தா அவசரமாகப் பத்திரம் அடிக்க வந்திருந்தார். அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில்தான் அவனியாபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து, பையனை அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டோம். எல்லோரும் வாங்கின நோட்டைத் திரும்ப ஒன்றாகச் சேர்த்தோம். ஏழாயிரத்துக்கு இருநூறுதான் குறைந்தது. அதையும் பாய் போட்டார். ரப்பர் பேண்ட் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். வார்டுக்கு வெளியே தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த டாக்டர் பணம் வராமல் கத்தியைத் தொடவில்லை. இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாதம் கறுத்துப்போய்விட்டது. உயிரைக் காக்க வேண்டி எடுத்துவிட்டார்கள்.

பாய் சுவரில் தலையை வைத்து அழுதார். நான் நோட்டுக் கட்டை நீட்டினேன்.

“இப்ப வேண்டாம்ணே” என்றார். பிறகு கேட்டார், “அந்தப் பத்து சீட்டு வந்துச்சா?”

“இல்ல மேடம்.”

“வந்தா சொல்லுங்க. சாவி என்கிட்டதான் இருக்கு.”

அன்றைக்கு அந்த டாக்டர் அறுவை செய்திருந்தாலும் பாதம் பிழைத்திருக்குமா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பிழைத்திருக்காது என்று யாராவது ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் நன்றாகத் தூங்குவேன். அவரிடம் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம்தான் அவர் இந்தப் பக்கம் வந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார் என்பது தெரியும், பைண்டிங் என் கடையில்தான் நடந்தது. தம்பியை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. நான் சொல்லவந்தது முடிவுரை அடித்த நாளைப் பற்றி.

பங்குனி வெயில். மின்விசிறி சூட்டைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. பதினோரு பக்கத்துக்கான காசை மேசையில் வைத்துவிட்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவு சொல்லக் கையில் ஒன்றுமில்லை என்று வருஷக்கணக்காக இழுத்தவர் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அடித்தல் திருத்தல் இல்லை. நான் அடித்துக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

‘நாணய வாரியம் தன் வாக்கைக் கடைசி நோட்டு வரை காப்பாற்றும். ஆனால் அதனால் யாருக்கும் கடன் கொடுத்து உதவ முடியாது. நெருக்கடியில் ஒருவரைக் காப்பாற்றும் சக்தி வாரியத்திடம் இல்லை. நோட்டைக் கையில் வைத்திருப்பவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களோ அந்த நேரத்தில் வாரியத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.’

‘நிற்கிறார்கள்’ என்ற சொல்லை அடித்துவிட்டு என் விரல் ஓடவில்லை. பழக்கார அக்காவின் கையில் அவர் பத்து சீட்டை எண்ணி வைத்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நூற்று நாற்பதும் பாயின் இருநூற்று இருபதும் மற்றவர்களுடையதும் அவர் கைக்குப் போயிருந்தால், பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக்கொள்ள அவருடைய சட்டம் தடுத்திருக்காது. கடனாகக் கொடுங்கள் என்று எங்கள் ஒவ்வொருவரையும் கேட்கத்தான் வந்திருக்கிறார். முதலில் என்னிடம் வந்தார். ஏழு வருஷப் பழக்கம் என்பதால் என்னிடம் வந்தார்.

திரையைப் பார்த்தபடியே சொன்னேன், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. “மேடம், அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டேனேண்ணே” என்றார். குரலில் கோபம் இல்லை. “எத்தனை சீட்டு இருக்குன்னு கேட்டேன்ல.”

பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு, அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைக் காட்டினார். திருத்தினேன்.